டயாலிசிஸ் தொடங்கியபோது நெகட்டிவ், இப்போது எச்.சி.வி. பாசிட்டிவ்: எங்கே தொற்றியிருக்கும்?

பாம்பன் மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. நாற்பது ஆண்டுகள் வல்லத்தில் கடலுக்குப் போனவர். சர்க்கரை நோயால் சிறுநீரகங்கள் செயலிழந்து, ஒன்றே முக்கால் ஆண்டாக இராமநாதபுரத்தில் ஒரு தனியார் பிரிவில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். காலை ஷிப்ட் ஆறு மணிக்கு என்பதால், விடிவதற்கு வெகுநேரம் முன்பே பாம்பனில் பேருந்து ஏறிவிடுவோம்.

சென்ற செவ்வாய்க்கிழமை, ஊசி குத்துவதற்கு முன்பாகவே பொறுப்பாளர் என்னை வெளியே அழைத்தார். வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் அப்பாவுக்கு ‘ஆண்ட்டி எச்.சி.வி. ரியாக்டிவ்’ (கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான பரிசோதனை பாசிட்டிவ்) என்று வந்திருப்பதாகவும், இனிமேல் மூலையில் இருக்கும் தனி இயந்திரத்தில்தான் அவரைப் போட முடியும் என்றும், அது மாலை ஷிப்டில் மட்டுமே காலியாக இருக்கிறது என்றும் சொன்னார். மாலை ஷிப்ட் முடித்துத் தீவுக்குத் திரும்ப நள்ளிரவு நெருங்கிவிடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர் அடுத்துக் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ‘அப்பா எங்கேயாவது பச்சை குத்திக்கொண்டாரா, வெளியில் ஊசி ஏதும் போட்டுக்கொண்டாரா?’ என்றார். வாரத்துக்கு நான்கு ஊசி அவர்கள் கையாலேயே வாங்கும் மனிதரைப் பற்றிய கேள்வி இது.

வீட்டுக்கு வந்து கோப்பை முழுவதும் புரட்டினேன். டயாலிசிஸ் தொடங்கிய வாரத்தில் எடுத்த எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றும் நெகட்டிவ். அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் மேலாக எச்.சி.வி. பரிசோதனைத் தாள் ஒன்றுகூட இல்லை. இடையில் ஒரு முறை இரத்தம் குறைந்து இரண்டு யூனிட் ஏற்றினார்கள். வேறு அறுவைச் சிகிச்சையோ பல் பிடுங்கலோ கிடையாது.

வீட்டில் அம்மா அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைத்துவிட்டார். கல்லீரல் என்றதும் மஞ்சள் காமாலை என்று முடிவு செய்து, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்க ஆயத்தமாகிவிட்டார். என் குழந்தைகளை அப்பாவிடம் விடலாமா என்று நானே ஒரு நாள் தயங்கினேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நான் அறிய விரும்புவது இவைதான். இது டயாலிசிஸ் பிரிவிலேயே தொற்றியிருக்க முடியுமா, முடியும் என்றால் எந்த வழியாக? டயாலிசிஸில் இருப்பவருக்கு இதற்கு மருந்து உண்டா? அந்தப் பிரிவிலேயே தொடர்வதா, வேறு இடம் பார்ப்பதா? சண்டை போடுவது என் நோக்கமில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் அப்பாவின் உயிர் அவர்கள் கையில் இருக்கிறது.

---

பழைய டெக்னீஷியன் (இராமநாதபுரம்) எழுதியது:

சகோதரி, மதுரையிலும் இங்கேயுமாக 19 ஆண்டுகள் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் முதல் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறேன்: முடியும். தொடக்கத்தில் நெகட்டிவாக இருந்து, டயாலிசிஸில் இருக்கும்போது பாசிட்டிவாக மாறிய ஒருவருக்கு, வேறு காரணம் நிரூபணமாகும் வரை முதலில் ஆராய வேண்டிய இடம் அந்தப் பிரிவுதான். ஏற்றிய இரத்தத்தையும் விசாரிக்க வேண்டும் என்றாலும், இரத்த வங்கிகளில் ஒவ்வொரு யூனிட்டையும் இந்த வைரஸுக்குப் பரிசோதிப்பது கட்டாயம் என்பதால் அந்த வழியில் வாய்ப்பு குறைவு. பச்சை குத்தினாரா என்று கேட்பது தவறில்லை. அதை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் தவறு.

எந்த வழியாக என்பதை, அங்கே நடப்பதைச் சொன்னால்தான் உங்களால் மனக்கண்ணில் பார்க்க முடியும். காலை ஷிப்ட் பத்தேகால் மணிக்கு முடிகிறது. அடுத்த ஷிப்டில் வருபவர் சாயல்குடியிலிருந்தோ திருப்பாலைக்குடியிலிருந்தோ வந்து வாசலில் காத்திருக்கிறார். அவருக்கும் ஊர் திரும்ப ஒரு பேருந்து இருக்கிறது. முதல் நோயாளியின் இரத்தத்தைச் சலைன் விட்டுத் திருப்பி, இரண்டு ஊசிகளையும் உருவி, ஃபிஸ்டுலாவின் (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரத்த நாளங்களை இணைத்து அமைத்த இடம்) மேல் பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்தச் சொல்கிறோம். அவர் அழுத்திக்கொண்டிருக்கும்போதே இரத்தத்தைச் சுத்திகரிக்கும் உருளையான டயலைசரையும் இரத்தம் ஓடிய பிளாஸ்டிக் குழாய்களையும் கழற்றுகிறோம். கழற்றும்போது இரண்டு சொட்டு எங்காவது விழத்தான் செய்யும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து இயந்திரம் அலறுகிறது. எழுந்துபோய் அதன் பொத்தானை அமுக்கி அலாரத்தை அடக்குகிறோம், அதே கையுறையோடு. இந்த ஒரு விநாடியில் ஒருவருடைய இரத்தம் இன்னொருவருடைய இயந்திரத்துக்குப் போய்விட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கறையாகத் தெரியாத அளவு இரத்தத்திலேயே இந்த வைரஸ் ஏராளமாக இருக்க முடியும். உலர்ந்த பரப்பிலும் அது நாள்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும்.

விதி என்னவென்றால், முதல் நோயாளி எழுந்து முழுவதுமாக இடத்தைக் காலி செய்த பிறகே சுத்தம் செய்யத் தொடங்க வேண்டும். படுக்கை, இயந்திரத்தின் முகப்பு, இரத்த அழுத்தப் பட்டை, கிளாம்புகள், சலைன் வடிகிற வாளி எல்லாவற்றையும் அன்றே கலக்கிய பிளீச்சிங் கரைசலால் துடைத்து, அது உலர்ந்த பிறகே அடுத்தவரை உட்கார வைக்க வேண்டும். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்யும் இடத்தில் இது நடக்காது. ஆள் பற்றாக்குறைக்கும் இந்தத் தொற்றுக்கும் உள்ள உறவு, எந்த மருத்துவர் சொல்வதையும்விட எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது ஹெப்பாரின். இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து. 5 மில்லி குப்பியில் 25,000 யூனிட் இருக்கும். ஒருவருக்குத் தேவைப்படுவது அதில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். எனவே ஒரு குப்பி ஐந்தாறு பேருக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் புதிய ஊசி, புதிய சிரிஞ்சு என்றிருந்தால், நோயாளிகளுக்கு எட்டாத ஒரு மேசையில் வைத்து மருந்தை எடுத்தால், ஆபத்து குறையும். ஆனால் நடப்பது என்ன? குப்பியை ட்ராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே படுக்கை படுக்கையாகப் போகிறார்கள். போட்ட பிறகு ‘இன்னும் கொஞ்சம் தேவை’ என்று தோன்றினால், பயன்படுத்திய சிரிஞ்சையே ஊசியை மட்டும் மாற்றி மறுபடியும் குப்பிக்குள் விடுகிறார்கள். ஊசி மாறினாலும் சிரிஞ்சின் உள்ளே ஏறிய இரத்தம் மாறாது. அந்தக் குப்பியிலிருந்து அதன் பிறகு எடுக்கும் அத்தனை பேருக்கும் அது போகிறது. பணியில் சேர்ந்த புதிதில் நானும் இதைச் செய்திருக்கிறேன். தவறு என்று எவரும் சொல்லித்தரவில்லை; மிச்சம் பிடிப்பதாகவே நினைத்தோம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. இரத்தம் உடலுக்குத் திரும்பும் குழாயில் ஒரு சிறு அறையும், அதிலிருந்து இயந்திரத்தின் அழுத்தமானிக்குப் போகும் மெல்லிய குழாயும் இருக்கும். அதன் நுனியில் நாணய அளவில் வெள்ளை வடிகட்டி ஒன்று செருகியிருப்பார்கள். அழுத்தம் ஏறினால் இரத்தம் அதுவரை வந்து அதை நனைத்துவிடும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். அதையும் தாண்டியிருந்தால் இயந்திரத்தைத் திறந்து பார்த்துச் சுத்தம் செய்யாமல் அடுத்தவரைப் போடக் கூடாது. அடுத்த முறை உட்காரும்போது அந்த வெள்ளை வட்டம் வெள்ளையாகவே இருக்கிறதா என்று பாருங்கள். சிவந்திருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. அது நோயாளியைக் காப்பதற்காகவும்தான், அணிபவரை மட்டும் காப்பதற்கல்ல. ஒரு ஷிப்ட் முழுவதும் ஒரே ஜோடி கையுறையோடு திரிபவரைவிட, வெறுங்கையோடு ஒவ்வொருவருக்கும் முன்பும் பின்பும் கை கழுவுபவர் நோயாளிக்குப் பாதுகாப்பானவர் என்பேன். இரண்டும் வேண்டும் என்பதே விதி.

---

கீழக்கரை வாசகர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரி. டெக்னீஷியன் ஐயா சொல்வதில் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. என் மாமா சென்னையில் டயாலிசிஸ் செய்த இடத்தில் எச்.சி.வி. நோயாளிகளுக்குத் தனி அறை, தனி இயந்திரம். இங்கே எல்லாரையும் ஒரே இயந்திரத்தில் போடுவதால்தானே பரவுகிறது? அதோடு நம் கடற்கரைத் தண்ணீரின் உப்பு ஊரறிந்தது. ஒரு முறைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது என்கிறார்கள். அந்தத் தண்ணீரை ஒழுங்காகச் சுத்திகரிக்காததும் காரணமாக இருக்கலாம் அல்லவா?

---

பழைய டெக்னீஷியன் எழுதியது:

வ அலைக்கும் சலாம். தண்ணீரை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஆர்.ஓ. சரியில்லாவிட்டால் குளிர் நடுக்கம், காய்ச்சல், எலும்புத் தேய்மானம் என்று வேறு கேடுகள் வரும், அது தனிக் கதை. ஹெபடைடிஸ் சி தண்ணீரில் வருவதில்லை. டயலைசருக்குள் இரத்தத்தையும் திரவத்தையும் பிரிக்கும் சவ்வின் துளைகளைவிட அந்த வைரஸ் பல மடங்கு பெரியது. சவ்வு கிழியாமல் இருக்கும் வரை அது அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர முடியாது.

இயந்திரமும் அப்படித்தான். நோயாளியின் இரத்தம் ஓடுவது அவருக்கென்று பொருத்திய குழாயிலும் டயலைசரிலும். நான் சொன்ன வடிகட்டி நனைந்தால் ஒழிய, இயந்திரத்தின் உட்புறத்தை இரத்தம் தொடுவதில்லை. ஆகவே ஆபத்து இயந்திரத்தின் வெளிப்புறத்திலும் அதைத் தொடும் கையிலும் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வேறு வகை. அது இரத்தத்தில் மிக அதிக எண்ணிக்கையில் இருக்கும்; பரப்பில் ஏழு நாளுக்குக் குறையாமல் உயிரோடு கிடக்கும்; அதற்குத் தனி அறை, தனி இயந்திரம், தனி ஊழியர் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஹெபடைடிஸ் சி-க்கு மட்டும், சிறுநீரக நோய்களுக்கான உலகளாவிய கே.டி.ஐ.ஜி.ஓ. வழிகாட்டுதல் தனி இயந்திரத்தையோ தனிமைப்படுத்துவதையோ பரிந்துரைக்கவில்லை. நம் நாட்டில் பல பிரிவுகள் ஒதுக்கத்தான் செய்கின்றன. நான் பணியாற்றிய இடங்களிலும் ஒதுக்கினோம். அதில் தவறில்லை என்றாலும், ஒரு கெட்ட விளைவை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘அவர் மூலையில் இருக்கிறார், இங்கே இருப்பவர்கள் எல்லாம் நெகட்டிவ்’ என்ற எண்ணம் வந்துவிட்டால் இந்தப் பக்கம் கை கழுவுவது குறைந்துவிடும். தொற்றியும் பரிசோதனையில் இன்னும் தெரியாத ஒருவர் இந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். மூலை இயந்திரத்துக்குப் போய்வரும் தாதியும் இந்தப் பக்கத்துத் தாதியும் ஒருவரே.

இது இந்தியாவில் மட்டும் நடப்பது என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016 ஜனவரியில் நாடு முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில் எட்டு மாநிலங்களின் 19 டயாலிசிஸ் மையங்களில் 36 பேருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் சி வந்ததே அதற்குக் காரணம். பணம் குறைவில்லாத இடங்கள்தான் அவை. அங்கேயும் கையுறை, கை கழுவுதல், மருந்து எடுக்கும் முறை, பரப்புகளைத் துடைத்தல் ஆகியவற்றில்தான் ஓட்டை இருந்தது.

---

தொண்டிக்காரர் எழுதியது:

மகளே, ஒன்பது ஆண்டுகளாக டயாலிசிஸில் இருப்பவன் எழுதுகிறேன். எனக்கு நான்காம் ஆண்டில் இது வந்தது. வந்து, போய்விட்டது. அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு எந்த அறிகுறியும் இருக்கவில்லை. கண் மஞ்சளாகவில்லை, பசி குறையவில்லை. சோர்வு இருந்தது, ஆனால் டயாலிசிஸ் செய்பவனுக்குச் சோர்வு புதிதா? கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. இரத்தப் பரிசோதனைகூட அளவுக்குள்ளேயே இருந்தது. நாளுக்கு ஒரு மாத்திரை, 84 நாள். ஒவ்வொரு மாத்திரையையும் நாட்காட்டித் தாளில் வட்டமிட்டு விழுங்கினேன். முதல் வாரம் தலைவலி இருந்தது, பிறகு அதுவும் இல்லை. முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே நோய்க்கு வாராவாரம் இண்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டு, காய்ச்சலிலும் இரத்தச் சோகையிலும் வாடிப் பாதியில் நிறுத்திய ஒருவரை மதுரையில் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

மருந்தைவிட எனக்குக் கடினமாக இருந்தது மனிதர்கள்தான். இரண்டு ஆண்டு பக்கத்துப் படுக்கையில் கிடந்து, என் மருமகன் கொண்டுவரும் நெத்திலிக் கருவாட்டைப் பங்கிட்டுக்கொண்ட நண்பர் (எங்கள் இருவருக்குமே கருவாடு ஆகாது, அது வேறு விஷயம்) நான் மூலைக்கு மாறிய நாளிலிருந்து பேசுவதை நிறுத்திவிட்டார். எட்டு மாதம் கழித்து அவருக்கும் பாசிட்டிவ் வந்தது. என்னிடமிருந்து வந்ததாக அவர் நினைத்தார். அவரிடமிருந்து எனக்கு வந்ததோ, இருவருக்கும் ஒரே குப்பியிலிருந்து வந்ததோ, எவரும் விசாரிக்கவில்லை. நோயாளிகளாகிய நாங்கள் ஒருவரையொருவர் குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இடம் மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் மாற்றவில்லை. மாற்றினால் அந்த இடம் எப்படி இருக்கும் என்பது தெரியாது. இங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

---

மருத்துவர் (பொது மருத்துவம்) எழுதியது:

மருத்துவம் தொடர்பான சிலவற்றை மட்டும் தெளிவுபடுத்துகிறேன். உங்கள் அப்பாவை நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவே இறுதியானது.

கையில் இருக்கும் முடிவு ஆண்ட்டிபாடி பரிசோதனை. உடல் இந்த வைரஸை எப்போதோ சந்தித்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். இப்போது வைரஸ் இருக்கிறது என்று சொல்லாது. தொற்றியவர்களில் 100-க்கு 15 முதல் 45 பேருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் சிகிச்சையில்லாமலேயே அது நீங்கிவிடுவதுண்டு. எனவே முதலில், வைரஸே இப்போது இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு: தொற்றிய இரண்டொரு வாரத்தில் ஆர்.என்.ஏ. தெரியத் தொடங்கும், ஆண்ட்டிபாடி தோன்ற எட்டு முதல் பதினோரு வாரம் ஆகும், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதைவிடத் தாமதமாகலாம். அவர்களுக்கு எஸ்.ஜி.பி.டி. இயல்பாகவே குறைந்த அளவில் இருப்பதால், ‘அளவுக்குள் இருக்கிறது’ என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது. தொண்டி அன்பருக்கு நேர்ந்தது அதுதான். இதனால்தான் டயாலிசிஸ் தொடங்கும்போதும், அதன் பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் எச்.சி.வி. பரிசோதனையும், மாதந்தோறும் எஸ்.ஜி.பி.டி.யும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் கோப்பில் ஓராண்டு இடைவெளி இருப்பது கவனிக்க வேண்டிய குறை. அந்த இடைவெளியால், எந்த மாதத்தில் தொற்றியது என்று கணக்கிடுவதே கடினமாகிவிட்டது.

ஆர்.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் இரண்டும் சேர்ந்த மாத்திரையைப் பெரும்பாலும் 12 வாரம் தருவார்கள். 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு சோஃபோஸ்புவிர் தருவதில் முன்பு தயக்கம் இருந்தது. 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் அதை அனுமதித்தது. தொடங்குவதற்கு முன்பு ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். உள்ளே அடங்கிக் கிடக்கும் ‘பி’ வைரஸ், ‘சி’ ஒழியும்போது தலைதூக்குவதுண்டு. வயிற்றுப் புண்ணுக்கான பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் வெல்பட்டாஸ்விர் உடலில் சேர்வதைக் குறைக்கும். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவருக்கு சோஃபோஸ்புவிரால் துடிப்பு அபாயகரமாகக் குறையலாம். அப்பா எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இத்திட்டத்தைக் குறிப்பிட்டு விசாரியுங்கள்.

குணமான பிறகும் ஆண்ட்டிபாடி ஆயுள் முழுவதும் பாசிட்டிவாகவே இருக்கும். பிற்காலத்தில் எந்த ஊரில் டயாலிசிஸுக்குப் போனாலும் அந்தத் தாளைப் பார்த்து ஒதுக்காமல் இருக்க, ஆர்.என்.ஏ. நெகட்டிவ் என்ற சான்றைக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். ஒரு முறை குணமானால் மறுபடியும் வராது என்றில்லை. தடுப்பூசி ஹெபடைடிஸ் பி-க்குத்தான் உண்டு, சி-க்கு இல்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள்: தட்டு, தம்ளர், ஒரே பாயில் உட்காருவது, பேரக்குழந்தையைத் தூக்குவது இவற்றால் இது பரவாது. சவரக்கத்தி, பல்துலக்கி, நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் குத்தூசி இவை மட்டும் தனியாக இருக்கட்டும். கீழாநெல்லி இந்த வைரஸை ஒழிக்காது; டயாலிசிஸ் நோயாளிக்குப் பச்சிலைச் சாறு பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்தவும் கூடும். அது வேண்டவே வேண்டாம்.

---

பழைய டெக்னீஷியன் எழுதியது:

மருத்துவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரே ஒரு நோயாளி நெகட்டிவிலிருந்து பாசிட்டிவாக மாறினாலும், அந்தப் பிரிவு மற்ற எல்லா நோயாளிகளுக்கும் உடனே எச்.சி.வி. பரிசோதனை செய்ய வேண்டும். பதிவேட்டை எடுத்து, கடந்த மாதங்களில் அந்த இயந்திரத்தில் அவருக்கு முன் உட்கார்ந்தவர் யார், அந்த ஷிப்டில் மருந்து எடுத்தவர் யார் என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். இதைக் கோரிக்கையாக எழுதிக் கொடுங்கள். ‘உங்கள் தவறு’ என்று எழுதாமல், ‘மற்றவர்களுக்கும் பரிசோதனை செய்தீர்களா’ என்று கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 104 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

தீவிலிருந்து வருவது பெரும்பாடாக இருந்தால், வயிற்று வழியே வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் அப்பாவுக்கு ஒத்துவருமா என்றும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். இரத்தம் வெளியே வராத முறை என்பதால் இந்தத் தொற்றுக்கு அதில் வாய்ப்பு மிகக் குறைவு. சுத்தமான ஓர் அறையும் பொறுமையான ஓர் ஆளும் வேண்டும்.

---

பாம்பன் மகள் எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. ஆர்.என்.ஏ. பாசிட்டிவ் என்றே வந்தது. ஹெபடைடிஸ் பி இல்லை. அரசு மருத்துவமனையில் மாத்திரை தொடங்கி இன்று பதினொன்றாம் நாள். பான்டோப்ரசோலை நிறுத்தியிருக்கிறார்கள். தொண்டிப் பெரியவர் சொன்னபடி நாட்காட்டியில் வட்டம் போடும் வேலையை என் மகன் எடுத்துக்கொண்டான். அம்மா தட்டைப் பழைய இடத்தில் வைத்துவிட்டார், கீழாநெல்லிச் செடியைத்தான் பிடுங்க மனம் வரவில்லை என்கிறார்.

பிரிவில் கடிதம் கொடுத்தேன். முதலில் முகம் சுளித்தார்கள். பத்து நாள் கழித்து, அந்த ஷிப்டில் இருந்த எல்லாருக்கும் இரத்தம் எடுத்தார்கள். இன்னும் இருவருக்குப் பாசிட்டிவ். அவர்களில் ஒருவர் ஒரு முறைகூட அப்பாவின் இயந்திரத்தில் உட்கார்ந்ததே இல்லை என்பதைப் பதிவேட்டில் நானே பார்த்தேன். ஐயா சொன்ன குப்பிதான் என் நினைவுக்கு வந்தது. இப்போது ட்ராலியில் ஹெப்பாரின் வருவதில்லை. சுவரோரம் ஒரு மேசையில் எடுத்துத் தனித்தனிச் சிரிஞ்சில் பெயர் ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். வேறு இடம் போகவில்லை. அந்த மேசை அங்கேயே இருக்கும் வரை தொடரலாம் என்றிருக்கிறோம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும், ஐயா. ஊசியை நிறுத்திப் பிடிக்கும் பிளாஸ்திரியைத் தாதி முன்கூட்டியே துண்டுகளாகக் கிழித்து, இயந்திரத்தின் பக்கவாட்டில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அப்பாவின் கையில் ஒட்டுகிறார். முந்தைய நோயாளிக்கு ஒட்டியது போக மீந்த இரண்டு துண்டுகளும் அங்கேயே இருந்தன. இது சரியா?

---

பழைய டெக்னீஷியன் எழுதியது:

சரியில்லை. துடைக்காத பரப்பில் ஒட்டியிருந்தது, ஊசி குத்திய துளையின் மேல் போய் உட்காருகிறது. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் ஒட்டி வைத்தோம். கை ஒன்று ஊசியைப் பிடித்திருக்கும்போது மறு கையால் கிழிக்க முடியாது என்பதே காரணம். அப்பாவுக்கென்று ஒரு பிளாஸ்திரிச் சுருள் வாங்கி அவர் பையிலேயே வையுங்கள். ஊசி குத்துவதற்கு முன் கையைக் கழுவிவிட்டு நீங்களே நான்கு துண்டு கிழித்து, அன்று விரித்த புதிய தாளின் ஓரத்தில் ஒட்டிக் கொடுங்கள். அந்த மீந்த இரண்டு துண்டுகளை அடுத்த முறை பார்த்தால், தாதியிடம் சொல்லிவிட்டுக் குப்பையில் போடச் சொல்லுங்கள்.